கேள்வி உங்களுடையது: ஏபிகே பொட்டலத்தைப் பிரித்தால்…

செயலிக் கோப்புகள் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அவசரமான கேள்வி முதலில்.

அப்பத்தாவின் வாட்ஸ்அப்புக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்தே 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் வந்தது. அப்பத்தா அதைத் தொட்டுவிட்டார்கள். நான் உடனே ஃபைலை அழித்துவிட்டேன். இனிப் பயமில்லைதானே?
*வாசகர், தேவகோட்டை*

தொட்டதோடு நின்றதா, 'இன்ஸ்டால்' வரை போனதா என்பதைப் பொறுத்தது. ஏபிகே என்பது செயலியைக் கொண்டுவரும் பொட்டலம். பொட்டலம் போனில் கிடப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. பிரித்து நிறுவினால்தான் உள்ளே இருப்பது வேலை செய்யும். அதே போல், நிறுவிய பிறகு பொட்டலத்தை அழித்தாலும் செயலி போகாது. நீங்கள் அழித்தது பொட்டலத்தை. பலர் ஏமாறும் இடம் இது.

ஆண்ட்ராய்டு 8 முதல், வாட்ஸ்அப் வழியாக வந்த ஏபிகேயைத் தொட்டால் போன் முதலில் தடுக்கும். செட்டிங்ஸுக்குப் போய் வாட்ஸ்அப்புக்கு அனுமதி கொடுத்தால்தான் மேலே போகலாம். ஆகவே செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் 'ஸ்பெஷல் ஆக்சஸ்', அதற்குள் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று போய் வாட்ஸ்அப்பின் நிலையைப் பாருங்கள். சில போன்களில் மெனுப் பெயர் கொஞ்சம் மாறும். 'அனுமதி இல்லை' என்று இருந்தால், அப்பத்தா பாதியிலேயே திரும்பியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். 'அனுமதி உண்டு' என்று இருந்தால் உடனே அணைத்துவிட்டு, முழு ஆப்ஸ் பட்டியலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முகப்புத் திரையை மட்டும் பார்த்தால் போதாது. இந்த வகைச் செயலிகள் ஐகானை மறைத்துக்கொள்ளும், அல்லது 'சிஸ்டம் அப்டேட்' என்று பெயர் வைத்துக்கொள்ளும்.

நிறுவியிருந்தால் செய்ய வேண்டியது இந்த வரிசையில். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட்பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட போனில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடனுக்கே போகும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு. அதன் பிறகு போனுக்கு வாருங்கள்: சேஃப் மோடில் திறந்து, செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலில் அந்தச் செயலிக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிட்டு, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அட்மின் அனுமதி இருக்கும்வரை அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகவே இருக்கும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அடுத்து ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு ##002# என்று டயல் செய்தால், வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்ட அழைப்புகள் எல்லாம் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். கொஞ்சமும் மனம் ஒப்பவில்லையென்றால், படங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு ஃபேக்டரி ரீசெட்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. அவர் போன் முதலில் விழுந்திருக்கிறது, அதிலிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது. அவருக்கும் சொல்லிவிடுங்கள். பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்-ஆக வரும், வீடியோவாக வரும். முகூர்த்த நேரம் சொல்ல எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? பெயரின் நடுவில் 'பிடிஎஃப்' என்று இருந்தாலும் கடைசியில் இருப்பதுதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் ஃபைல் பெயருக்குக் கீழே அளவோடு சேர்த்து வகையும் சின்னதாக எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

ஏபிகேக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது? நிறுவாமல் திறந்து பார்க்க முடியுமா?
*கல்லூரி மாணவி, காரைக்குடி*

முடியும். ஏபிகே என்பது சாதாரண ஜிப் கோப்பு. விண்டோஸில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' தெரியும்படி வைத்து, ஒரு நகல் எடுத்து, அதன் கடைசிப் பெயரை ஏபிகே என்பதிலிருந்து ஜிப் என்று மாற்றித் திறந்தால் போதும். நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பீ', 'கே' என்றிருக்கும். ஏபிகேயின் பீகே அல்ல அது. 1989இல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். வேர்ட் டாக்ஸ், எக்செல் கோப்புகளையும் அப்படித் திறந்தால் அதே இரண்டு எழுத்துதான் வரும்.

உள்ளே முதலில் கவனிக்க வேண்டியது 'ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்'. சீர் சாமானோடு போகும் சிட்டை மாதிரி. பொட்டலத்தின் உண்மைப் பெயர், பதிப்பு எண், எந்த ஆண்ட்ராய்டிலிருந்து ஓடும், என்னென்ன அனுமதி கேட்கும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். அடுத்து 'கிளாசஸ் டாட் டெக்ஸ்', செயலியின் கட்டளைகள். ஒரு டெக்ஸ் கோப்பில் 65,536 மெத்தட் (சிறு கட்டளைத் தொகுப்பு) குறிப்புகளுக்கு மேல் கொள்ளாது. அதனால் பெரிய செயலிகளில் கிளாசஸ்2, கிளாசஸ்3 என்று வரிசையாக நிற்கும். 'ரெஸ்' ஃபோல்டரில் ஐகானும் திரை வடிவங்களும். 'அசெட்ஸ்' ஃபோல்டரில் தமிழ் எழுத்துரு போன்றவை. 'லிப்' ஃபோல்டரில் சிப்புக்கு ஏற்ற நூலகங்கள்: ஆர்ம்64-வி8ஏ என்பது இப்போதைய போன்களுக்கு, ஆர்மியாபி-வி7ஏ பழைய 32-பிட் போன்களுக்கு. 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரில், செய்தவர் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தின் விவரம்.

ஜிப்பாகத் திறந்து மேனிஃபெஸ்ட்டைப் படிக்கப் போனால் ஏமாற்றம்தான், கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்துத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, அது பைனரியாக்கி வைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவி, பில்ட் மெனுவில் 'அனலைஸ் ஏபிகே' கொடுத்து அதே ஃபைலைக் காட்டுங்கள். சிட்டை ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கும். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் தின்கிறது என்பதும் தெரியும். ஐகானும் வெளிப்பெயரும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். டார்ச் லைட் செயலி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்பது அங்கே வெட்டவெளிச்சமாகும்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்புக்குப் பொருளடக்கம் முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. 50 எம்.பி. ஏபிகே 49 எம்.பி.யில் நின்றுபோனால், வந்தது அவ்வளவும் சரியாக இருந்தாலும் பொருளடக்கம் வந்து சேரவில்லை என்றுதான் பொருள். 'தேர் வாஸ் எ ப்ராப்ளம் பார்சிங் தி பேக்கேஜ்' என்ற செய்தி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல். அனுப்பியவரிடம் உள்ள ஃபைலின் அளவையும் உங்களுடையதையும் ஒத்துப் பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தும் அதே செய்தி வந்தால், உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு அந்தச் செயலிக்குப் போதவில்லை என்று வையுங்கள்.

எங்கள் பலகாரக் கடைச் செயலியின் ஏபிகேயை ஜிப்பாகப் பிரித்து, லோகோ படத்தை மட்டும் மாற்றி, திரும்ப ஜிப் செய்து ஏபிகே என்று பெயர் வைத்தேன். போன் ஏற்க மறுக்கிறது. ஒரு படத்தைத்தானே மாற்றினேன்?
*வாசகர், பள்ளத்தூர்*

ஒரு பைட்டை மாற்றினாலும் இதுதான் கதி. ஆண்ட்ராய்டு 7இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கையொப்பம் மொத்தக் கோப்பின் மேல் போடுவது. ஜிப்பின் பொருளடக்கத்துக்குச் சற்று முன்னால் அது உட்கார்ந்திருக்கும். முதல் தலைமுறையில் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு எடுத்தார்கள், ஜிப்பின் உறைக்குக் காவல் இல்லை. அந்த ஓட்டையில்தான் 2017இல் 'ஜேனஸ்' என்று பெயர் பெற்ற கோளாறு நுழைந்தது: ஏபிகேயின் முன்னால் வேறொரு டெக்ஸை ஒட்டினாலும் பழைய கையொப்பம் செல்லுபடியானது. இப்போது அந்த வேலை நடக்காது.

ஜிப் செய்தபோது இன்னொரு தப்பும் நடந்திருக்கும். ஆண்ட்ராய்டு 11ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் 'ரிசோர்சஸ் டாட் ஆர்ஸ்க்' என்ற கோப்பைச் சுருக்கக் கூடாது, 4 பைட் எல்லையில் அது உட்கார வேண்டும். விண்டோஸின் ஜிப் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும். கையொப்பத்தைச் சரிசெய்தாலும் போன் அடுத்த வாசலில் நிறுத்தும்.

உங்கள் சொந்தச் செயலிதான் என்றால், எழுதிக் கொடுத்தவரிடம் மூல நிரலில் படத்தை மாற்றி மறுபடி கட்டச் சொல்லுங்கள். அதுவே நேர்வழி, பத்து நிமிட வேலை. அவர் கிடைக்கவில்லை என்றால் 'ஏபிகே-டூல்' கொண்டு பிரித்து, படத்தை மாற்றி, அதிலேயே கட்டி, பிறகு கோப்புகளைச் சரியான எல்லையில் உட்கார வைக்கும் 'ஜிப்அலைன்', அதன் பின் கையெழுத்துப் போடும் 'ஏபிகேசைனர்'. இந்த வரிசை மாறக் கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகு அலைன் செய்தால் கையெழுத்து உடைந்துவிடும். அப்படிக் கட்டியது புதிய சாவியோடு (கையெழுத்துப் போடும் ரகசியக் கோப்பு) வரும், ஆகவே பழைய செயலியின் மேல் ஏறாது. காரணம் அடுத்த பதிலில்.

'மோட்' ஏபிகே என்று உலவுபவை எல்லாம் இப்படிப் பிரித்துக் கட்டியவையே. லோகோவை மாற்றியவர் வேறு எதை மாற்றினார் என்று யார் கண்டது?

கண்டாங்கிச் சேலைக் கடையில் ஆர்டர் எழுத ஒரு செயலி செய்து வாங்கினோம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. புதுப் பதிப்பை அனுப்பினார். 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்கிறது. பழையதை நீக்கிவிட்டுப் போடச் சொல்கிறார். நீக்கினால் ஆர்டர்கள் போய்விடாதா?
*வாசகி, காரைக்குடி*

போய்விடும். கையை வைக்காதீர்கள், முதலில் இதைப் படியுங்கள்.

பழைய செயலியின் மேல் புதியது ஏற வேண்டும் என்றால் மூன்று பொருத்தம் வேண்டும். பொட்டலப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். 'வெர்ஷன் கோட்' என்னும் உள் எண் குறையக் கூடாது. இரண்டும் ஒரே சாவியால் கையெழுத்தாகியிருக்க வேண்டும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பது போல, ஒவ்வொரு ஏபிகேயிலும் செய்தவரின் முத்திரை உண்டு. பாத்திரத்தில் யார் பெயரையும் யாரும் வெட்டலாம். இங்கே சாவிக்கோப்பு இல்லாமல் அந்த முத்திரையைப் போட முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. முத்திரை மாறிய அப்டேட்டை ஏற்றால், யாரோ ஒருவன் உங்கள் செயலியின் பெயரிலேயே ஒன்றைக் கட்டி, உங்கள் ஆர்டர்களையெல்லாம் படித்துவிடலாம். போன் மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான்.

முத்திரை ஏன் மாறியிருக்கும்? மூன்று காரணங்கள் அடிக்கடி பார்ப்பவை. முதல் பதிப்பை 'டீபக்' சாவியால் கட்டிக் கொடுத்திருப்பார். அது அவருடைய கணினி தானாக உண்டாக்கிக்கொண்ட சாவி. கணினியை மாற்றினாலோ விண்டோஸைப் புதிதாகப் போட்டாலோ போய்விடும். அல்லது சாவிக்கோப்பையே தொலைத்திருப்பார். மூன்றாவதுதான் எளிதில் பிடிபடாதது: முதலில் கையில் ஏபிகே கொடுத்திருப்பார், பிறகு ப்ளே ஸ்டோரில் ஏற்றியிருப்பார். ப்ளே ஸ்டோரிலிருந்து இறங்குவது கூகுள் வைத்திருக்கும் சாவியால் கையெழுத்தானது, கையில் கொடுத்தது அவருடைய சாவியால். பெயர், பதிப்பு, ஐகான் எல்லாம் ஒன்றுபோல இருந்தும் போனுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

அவரிடம் கேளுங்கள்: பழைய ஏபிகே, புதிய ஏபிகே இரண்டையும் ஏபிகேசைனரில் 'வெரிஃபை', 'பிரின்ட்-சர்ட்ஸ்' கொடுத்துப் பார்த்து, முத்திரையின் கைரேகையான ஷா-256 வரி இரண்டிலும் ஒன்றா என்று சொல்லச் சொல்லுங்கள். வேறாக இருந்து, பழைய கணினி இன்னும் அவரிடம் இருந்தால், பயனர் ஃபோல்டருக்குள் 'டாட் ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டரில் 'டீபக் டாட் கீஸ்டோர்' கிடைக்கும். அதை வைத்தே ஒரு இடைப் பதிப்பைக் கட்டச் சொல்லுங்கள். அதில் ஆர்டர்களை எக்செல் கோப்பாக வெளியே எடுக்கும் பட்டன் ஒன்று இருக்கட்டும். அதை மேலே ஏற்றி, ஆர்டர்களை எடுத்து, கணினியில் திறந்து எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். அந்தச் சாவியும் போயிருந்தால், திரையைப் பார்த்துக் கையால் எழுதி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆர்டர்கள் சர்வரில் சேமிக்கப்படுபவையாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை, வேறொரு போனில் லாகின் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ப்ளே ஸ்டோருக்கு மாறிய பிறகு 'கூகுள் லாகின்' வேலை செய்யவில்லை என்றால் அதற்கும் இதே வேர்தான். கூகுளிடம் பதிந்திருப்பது பழைய சாவியின் ஷா-1 கைரேகை. ப்ளே கன்சோலில் (செய்தவர்கள் ப்ளே ஸ்டோரில் செயலியை ஏற்றி நிர்வகிக்கும் தளம்) ஆப் சைனிங் பக்கத்தில் உள்ள ஷா-1ஐயும் அங்கே சேர்க்க வேண்டும்.

ஓடு பட்டறைக்காக ஒரு செயலி எழுதச் சொல்லிப் பணமும் கொடுத்தாயிற்று. 'ஏஏபி' என்று ஒரு ஃபைலைக் கொடுத்து வேலை முடிந்தது என்கிறார்கள். எந்தப் போனிலும் திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், ஆத்தங்குடி*

ஏமாற்றவில்லை, ஆனால் வேலையும் முழுதாக முடியவில்லை. ஏஏபி என்பது 'ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்'. உங்கள் தொழிலிலேயே சொன்னால் விளங்கும். பட்டறையில் கண்ணாடி, அச்சுச் சட்டம், எல்லா நிறச் சிமென்ட்டும், மணலும் இருக்கின்றன. வீட்டுக்குப் போவது அந்த அறைக்கு வேண்டிய ஓடு மட்டும். ஏஏபி பட்டறை, ஏபிகே ஓடு. பட்டறையைத் தூக்கி முற்றத்தில் பதிக்க முடியாது.

2021 ஆகஸ்ட் முதல் ப்ளே ஸ்டோரில் புதிய செயலிகளை ஏஏபி-யாகத்தான் ஏற்ற முடியும். ஒருவர் தன் போனில் இன்ஸ்டால் தொட்டதும், அந்தப் போனின் சிப், திரையின் அடர்த்தி, மொழி மூன்றையும் பார்த்து, தேவையான துண்டு ஏபிகேகளை மட்டும் கூகுள் அனுப்பும். 'பேஸ்' என்று ஒரு அடித்துண்டு. மீதி 'கான்ஃபிக்' துண்டுகள். இறக்கும் அளவு குறைவது இதனால்தான்.

உங்களுக்குக் கையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றால், 'பண்டில்டூல்' கருவியில் 'யுனிவர்சல்' முறையில் ஒரே ஏபிகேயாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். எல்லாத் துண்டும் சேர்ந்து வருவதால் அது பெரிதாக இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் வேறு சிலவற்றையும் வாங்கிவிடுங்கள். மூல நிரல் முழுவதும், சாவிக்கோப்பு, அதன் கடவுச்சொல், சாவியின் 'ஏலியஸ்' பெயர், சாவிக்கென்று தனியாகக் கடவுச்சொல் இருந்தால் அதுவும். ப்ளே கன்சோல் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். பதிவுக் கட்டணம் ஒரே ஒரு முறை 25 டாலர். செய்தவரின் கணக்கில் ஏற்றினால், நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் செயலியும் அவரோடு போகும். ஏஏபியை ஏற்றும்போது கையெழுத்திடும் 'அப்லோட்' சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்; கையொப்பச் சாவி கூகுளிடமே இருப்பதால் செயலி பிழைத்துக்கொள்ளும். ஏபிகேயைக் கையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் 14 நாள் விடாமல் சோதிக்கும் 'குளோஸ்டு டெஸ்ட்' முடித்த பிறகே எல்லாருக்கும் வெளியிட அனுமதி கேட்க முடியும். அதை முன்கூட்டிச் சொல்லாமல் 'நாளைக்கே ஏறிவிடும்' என்று வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

பழைய வீட்டை விருந்தினர் தங்கும் இல்லமாக நடத்துகிறோம். எங்கள் செயலிக்குள்ளேயே தமிழ், ஆங்கிலம் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. செய்தவர் போனில் தமிழ் வருகிறது. ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கிய எங்கள் ஆட்கள் போனில் தமிழைத் தொட்டாலும் ஆங்கிலமே நிற்கிறது.
*வாசகி, கானாடுகாத்தான்*

மேலே சொன்ன துண்டு போடும் விஷயம்தான் இங்கே காலை வாருகிறது. உங்கள் ஆட்களின் போன் ஆங்கிலத்தில் இருக்கும். போனில் தமிழ் இல்லையே என்று கூகுள் தமிழ்த் துண்டை அனுப்புவதில்லை. செயலிக்குள் பட்டன் இருக்கிறது, காட்டுவதற்குத் தமிழ்ச் சொற்கள் அங்கே இல்லை. அதனால் இருக்கும் மொழிக்கே திரும்பிவிடுகிறது. செய்தவரின் போனில் முழு ஏபிகே, அதில் எல்லா மொழியும் உண்டு. அதனால்தான் 'என்னிடம் சரியாக வருகிறதே' என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: செயலியைக் கட்டும் விதத்தைச் சொல்லும் கிரேடில் கோப்பில் 'பண்டில்' பகுதியில், 'லாங்வேஜ்' என்பதற்குள் 'இனேபிள் ஸ்ப்ளிட்' என்பதை 'ஃபால்ஸ்' என்று வைத்து, மறுபடி ஏஏபி கட்டி ஏற்றுங்கள். அளவு சில நூறு கே.பி. கூடலாம், பரவாயில்லை. புதுப் பதிப்பு வரும்வரை, போன் செட்டிங்ஸில் மொழிகள் பட்டியலில் தமிழை இரண்டாவதாகச் சேர்த்து, செயலியை நீக்கி ப்ளே ஸ்டோரிலிருந்து மறுபடி நிறுவினால் தமிழ்த் துண்டும் சேர்ந்து இறங்கும். போனின் மொழியை ஆங்கிலத்திலிருந்து மாற்றத் தேவையில்லை.

தமிழில் செயலி செய்யும் எல்லாரும் ப்ளே ஸ்டோரின் 'இன்டர்னல் டெஸ்ட்' வழியாக, ஆங்கிலத்தில் மட்டும் உள்ள ஒரு போனில் இறக்கிப் பார்த்துவிட்டு வெளியிட்டால் இந்த வம்பே வராது. கேபிளில் நேராகப் போட்டுச் சோதிப்பதில் இந்தக் கோளாறு தலை காட்டாது.

எக்ஸ்ஏபிகே, ஏபிகேஎஸ், ஏபிகேஎம் என்றெல்லாம் ஒரு விளையாட்டுக்கே வேறு வேறு ஃபைல் கிடைக்கிறது. ஜிப்பாகப் பிரித்து உள்ளே இருந்த பேஸ் ஏபிகேயைப் போட்டேன். திறந்ததும் மூடிக்கொள்கிறது.
*வாசகர், கோட்டையூர்*

துண்டுகளில் ஒன்றை மட்டும் போட்டால் வேறென்ன ஆகும்? சிப்புக்கான நூலகம் வேறு துண்டில் இருக்கிறது. அது இல்லாமல் சில செயலிகள் நிறுவவே விடாது, சில திறந்ததும் மூடிக்கொள்ளும்.

இந்த மூன்றும் ஆண்ட்ராய்டின் சொந்த வடிவங்கள் அல்ல. துண்டு ஏபிகேகளை ஒரே ஜிப்பில் கட்டிய மூட்டைகள். ஏபிகேஎஸ் பண்டில்டூல் கட்டித் தருவது. ஏபிகேஎம் ஏபிகேமிரர் தளத்தின் மூட்டை. எக்ஸ்ஏபிகே ஏபிகேப்யூர் வழியாகப் பரவியது, சிலவற்றில் கூடவே ஓபிபி கோப்பும் இருக்கும். கணினியும் கேபிளும் இருந்தால், போனில் யுஎஸ்பி டீபக்கிங் திறந்து, மூட்டையைப் பிரித்து, கணினியிலிருந்து போனுக்கு உத்தரவிடும் ஏடிபி கருவியின் 'ஏடிபி இன்ஸ்டால்-மல்டிபிள்' கட்டளையில் பேஸ் துண்டையும், உங்கள் சிப்புக்கான துண்டையும், திரை, மொழித் துண்டுகளையும் ஒரே வரியில் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஏற்காது.

ஓபிபி என்பது விளையாட்டின் பெரிய படங்களும் ஒலிகளும். போனின் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'ஓபிபி' ஃபோல்டரில், பொட்டலப் பெயரிலேயே ஒரு ஃபோல்டருக்குள் அது இருக்க வேண்டும். பெயரில் 'மெயின்', பதிப்பு எண், பொட்டலப் பெயர் என்ற வரிசை ஒரு புள்ளி மாறினாலும் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டு 11 முதல் சாதாரண ஃபைல் மேனேஜர் அந்த இடத்தில் எழுத முடியாது. கேபிள் போட்டுக் கணினியிலிருந்து நகலெடுங்கள்.

ப்ளே ஸ்டோரில் 20 எம்.பி. என்று போட்டிருக்கிறது. இறக்கிய பிறகு 70 எம்.பி. காட்டுகிறது. ஏன்?
*வாசகர், கண்டனூர்*

இறங்கும்போது சுருக்கி வருகிறது, நிறுவும்போது விரிகிறது. டெக்ஸ் கட்டளைகளை உங்கள் சிப்புக்கு ஏற்ப மொழிபெயர்த்துப் போன் தனியாக ஒரு பிரதியும் வைத்துக்கொள்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்த கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பு வேறு சேரும். அதை மட்டும் தாராளமாக அழிக்கலாம். பக்கத்தில் இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொட்டுவிடாதீர்கள், லாகினும் சேமித்ததும் போய்விடும்.

ஆண்ட்ராய்டு 14 போன் வாங்கினேன். பழைய போனில் ஓடிய பஞ்சாங்க ஏபிகே இதில் ஏறவில்லை. புதுப் போனில் எல்லாம் ஓட வேண்டாமா?
*வாசகர், குன்றக்குடி*

ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய விதிகளை இலக்காகக் கொண்ட செயலிகளை 14 நிறுவ விடாது. அந்தக் காலத்துச் செயலிகள் எல்லா அனுமதியையும் நிறுவும்போதே மொத்தமாக வாங்கிக்கொள்ளும். திருட்டுச் செயலிகள் வேண்டுமென்றே பழைய இலக்கை வைத்து நுழைந்ததால் இந்தத் தடை. 15இல் அந்த எல்லை ஆண்ட்ராய்டு 7க்கு உயர்ந்துவிட்டது. கணினியிலிருந்து ஏடிபி வழியாகத் தடையைத் தாண்டி நிறுவ ஒரு வழி உண்டு, ஆனால் பஞ்சாங்கத்துக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டாம். புதிதாகச் செய்த ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஐபோன் வைத்திருக்கிறான். நம் ஏபிகேயை அவனுக்கு அனுப்பினால் ஓடுமா? ஐபிஏ என்று மாற்றித் தர முடியுமா?
*வாசகி, புதுவயல்*

ஓடாது. பெயரை மாற்றினாலும் பயனில்லை, உள்ளே இருக்கும் கட்டளைகளே வேறு. ஐபோன் செயலியின் பொட்டலமான ஐபிஏவும் ஜிப்தான்: 'பேலோட்' ஃபோல்டர், அதற்குள் செயலி, 'இன்ஃபோ டாட் பிலிஸ்ட்' என்ற சிட்டை, ஆப்பிளின் கையொப்பம். ஆண்ட்ராய்டு யார் போட்ட முத்திரையையும் ஏற்கும், அப்டேட்டிலும் அதே முத்திரை இருந்தால் போதும். ஐபோன் ஆப்பிள் ஒப்புக்கொண்ட முத்திரையை மட்டுமே ஏற்கும். கட்டணமில்லாத கணக்கில் கையெழுத்திட்ட செயலி 7 நாளில் நின்றுவிடும். ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் ஆப்பிளின் சோதனை வழியான 'டெஸ்ட்ஃப்ளைட்' மூலம் ஒரு பதிப்பை 90 நாள் சோதிக்கக் கொடுக்கலாம். ஐபோனுக்கென்று தனியாக எழுதாமல் இது எதுவும் நடக்காது. உங்கள் செயலி ஆர்டர் பார்க்க மட்டும்தான் என்றால், அதையே இணையப் பக்கமாக ஒன்று செய்து மகனுக்கு லிங்க் அனுப்புவது செலவு குறைவு.

பட்டன் போனில் ஏபிகே போட முடியுமா?
*வாசகர், கீழச்சிவல்பட்டி*

முடியாது. ஜியோ போனில் ஓடுவது காய்ஓஎஸ், அது வேறு பொட்டலம். பழைய நோக்கியாக்களில் ஓடியது 'ஜார்'; கூடவே 'ஜாட்' என்று சிறு எழுத்துக் கோப்பு ஒன்று, பெயரும் அளவும் முகவரியும் எழுதி வரும். ஜார் கோப்பும் ஜிப்தான், அந்த ஜாட் நோட்பேடிலேயே திறக்கும்.